‘இந்த வயதில் நிரலாக்கமா?’ என்று கேட்ட பேராசிரியர்களுக்கு

சென்ற மாதம் தில்லியில் நடந்த ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் என் மடிக்கணினியின் திரையை எட்டிப் பார்த்தார். பைத்தான் மொழியில் நான் எழுதிக்கொண்டிருந்த இருபது வரி நிரல் அதில் திறந்திருந்தது. “தமிழ் படித்த நமக்கு இதெல்லாம் எதற்கம்மா? அதுவும் இந்த வயதில்? செய்து கொடுக்கத்தான் பையன்கள் இருக்கிறார்களே. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது” என்றார். அவர் பரிவோடுதான் சொன்னார். அருகிலிருந்த மூவரும் அதே பரிவோடு தலையசைத்தார்கள். அங்கே நான் சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

அவர் கூற்றில் மூன்று வாதங்கள் உள்ளன. நடுவயதில் நிரலாக்கம் ஏறாது என்பது ஒன்று. மொழியும் வரலாறும் பயின்றவர்க்கு அது அயல்துறை என்பது மற்றொன்று. பிறரோ எந்திரமோ செய்துதரும்போது நாம் கற்பது வீண்வேலை என்பது மூன்றாவது. மூன்றும் தவறு என்பது என் கட்சி. அதற்கு மேலும் ஒன்று சொல்வேன்: ஓர் ஆய்வேட்டில் ஓர் எண் இடம்பெறுமானால், அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது என்று விடைசொல்லும் கடமை ஆய்வாளருடையது. நிரலாக்கத்தின் அடிப்படையையேனும் அறியாதவரால் இன்று அக்கடமையை நிறைவேற்ற இயலாது. நடுவயதினர்க்கு அந்த அறிவு வேண்டாம் என்று முடிவுகட்டும் பல்கலைக்கழகம், தன் ஆசிரியர்களில் பெரும்பகுதியினரை அக்கடமையிலிருந்தே விடுவித்துவிடுகிறது.

இதை எனக்குக் கற்பித்தது ஓர் அவமானம். இருபது ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிந்த பின், நாற்பத்து நான்காம் வயதில் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தேன். சோழர்காலக் கல்வெட்டுகளில் கொடையைக் குறிக்கும் வினைச்சொற்கள் என் ஆய்வுப்பொருள். பல இடங்களிலிருந்து திரட்டியும் நானே தட்டச்சு செய்தும் சேர்த்த கல்வெட்டுப் பாடங்கள் கணினியில் இருந்தன. எந்தச் சொல் எத்தனை முறை, யாருடைய ஆட்சியில், எந்த வட்டாரத்தில் வருகிறது என்று அட்டவணை தேவைப்பட்டது. ஆய்வாளர்களுக்குப் புள்ளிவிவர வேலையைக் கூலிக்குச் செய்து தரும் இடங்கள் இந்நாட்டின் ஒவ்வொரு பல்கலைக்கழக வாசலிலும் உண்டு. யாரும் பேசுவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அத்தகைய ஓரிடத்தில் பணம் கட்டினேன். நான்கு நாட்களில் வண்ண வரைபடங்களோடு அட்டவணைகள் வந்தன. அவற்றைக் கட்டுரையில் சேர்த்து ஒரு கருத்தரங்கில் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும், பணி ஓய்வு பெற்ற கல்வெட்டறிஞர் ஒருவர் எழுந்து, “அம்மா, கொடும்பாளூர் எப்போது கொடையானது?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. ‘கொடு’ என்ற எழுத்துத் தொடர் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் ஒன்று கூட்டியிருந்தார்கள். இருக்குவேளிரின் ஊர்ப்பெயரும் என் அட்டவணையில் ஈகையாகிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அந்த எண்ணிக்கையைச் செய்த இளைஞர்மீது எனக்குச் சினமில்லை. கொடும்பாளூர் என்று ஓர் ஊர் இருப்பதை அவர் அறிய வேண்டிய தேவை என்ன? அறிந்திருந்தவள் நான். ஆனால் அவர் எதை எண்ணினார் என்பதை என்னால் திறந்து பார்க்க முடியவில்லை. அறிவு ஒருவரிடமும் கருவி மற்றொருவரிடமும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு ரசீது மட்டுமே இருந்தது. அதற்கு அடுத்த வாரம், நாற்பத்தேழாம் வயதில், நிரலாக்கத்தின் முதல் பாடத்தைத் தொடங்கினேன்.

இனி வாதங்களுக்கு வருகிறேன்.

வயது குறித்த வாதம் வரலாறு அறியாதது. நிரலாக்கம் என்ற தொழில் தோன்றியபோது அதை இளமையில் கற்றவர் எவரும் உலகில் இருந்திருக்க முடியாது. கிரேஸ் ஹாப்பர் 1906இல் பிறந்தவர். கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1944இல் ஹார்வர்டின் மார்க்-1 கணினிமுன் அமர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. நிரல்களைத் தொகுக்கும் தம் முதல் தொகுப்பியை அவர் உருவாக்கிய 1952இல் நாற்பத்தைந்து. இந்திய வரலாறும் வேறன்று. 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐபிஎம் 1620 வந்தபின், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் அங்கு வந்து போர்ட்ரான் மொழியில் குறுகிய காலப் பயிற்சி பெற்றார்கள். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே கற்பித்தவர்களுள் முதன்மையானவர். அந்த வகுப்புகளில் அமர்ந்தவர்கள் ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள். தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். இந்தியாவில் நிரலாக்கக் கல்வி பணியிலிருந்தோர் கல்வியாகவும் வளர்ந்தது என்பதை இன்றைய கணினித் துறைகள் நினைவில் கொள்வது நல்லது.

மூளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மனத்திறன்கள் யாவும் ஒரே வயதில் உச்சம் அடைவதில்லை என்று காட்டியது. தகவலைக் கையாளும் வேகம் பதின்வயதின் இறுதியை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. சொல்வளம் நடுவயதைக் கடந்தும் வளர்கிறது. என் பட்டறிவும் இதற்கு முரண்படவில்லை. கட்டளைகள் மறந்துபோகின்றன. திங்களன்று கற்ற தொடரமைப்பை வியாழனன்று மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது. முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வேறுபாடு காணக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. இருபது வயதினர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பயிற்சி எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. இவற்றை மறைக்க மாட்டேன்.

ஆனால் வேகம் குறைவு என்பதிலிருந்து இயலாமைக்குத் தாவுவது எந்தத் தருக்கம்? சம்ஸ்கிருதமோ பாரசீகமோ பிரெஞ்சோ தம் நாற்பதுகளில் கற்று அதன்வழி ஆய்வு செய்த எத்தனையோ பேரை நாம் போற்றுகிறோம். அவர்களிடம் யாரும் ‘இந்த வயதில் வேற்றுமை உருபுகளா?’ என்று கேட்டதில்லை. நடுவயதில் உண்மையாகவே குறைவது நேரம். வீட்டில் முதியோர், பிள்ளைகளின் தேர்வு, பள்ளி விடைத்தாள்கள், சமையல் ஆகியவற்றுக்கு இடையே எனக்கு எஞ்சியது காலை நான்கரை முதல் ஆறு மணி வரை. நேரமின்மைக்கு மருந்து நேரம் ஒதுக்கித் தருவது. அதை வயது என்று பெயர்மாற்றிச் சொல்லிவிட்டால், யாரும் எதையும் ஒதுக்கித் தர வேண்டியதில்லை.

இரண்டாம் வாதம், நிரலாக்கம் கணிதக்காரர் சொத்து என்பது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சான்டெல் பிராட்டும் குழுவினரும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். முன்பின் நிரலாக்கம் அறியாதவர்களுக்குப் பைத்தான் கற்பித்து, யார் எவ்வளவு விரைவாகக் கற்கிறார்கள் என்று பார்த்தனர். எண்ணறிவைவிட, புதிய மொழிகளைக் கற்கும் திறனே கற்றல் வேகத்தை நன்கு முன்னுணர்த்தியது. சிறிய ஆய்வுதான், பங்கேற்றவர்களும் இளைஞர்களே. எனவே நடுவயது பற்றி அதிலிருந்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் ‘நமக்குக் கணக்கு வராது, ஆகவே நிரலும் வராது’ என்ற நம் துறைகளின் அச்சத்துக்கு அது போதுமான மறுமொழி.

ஆய்வுகளை விடுங்கள். தமிழ் இலக்கணம் கற்றவர் கணினிமுன் அமர்ந்ததும் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால், விடை 5. மூன்றெழுத்துச் சொல்லுக்கு எப்படி ஐந்து? த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக ஒருங்குறி அதைச் சேமிக்கிறது. நம் இலக்கணத்தில் மெய் அடிப்படை. அதன்மேல் உயிர் ஏறுகிறது. 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்த ஒருங்குறியிலோ அகரமேறிய மெய் அடிப்படை. புள்ளி இட்டால்தான் அது மெய்யாகிறது. ‘க்’ என்பது நமக்கு ஒரு தொடக்கம். கணினிக்கு ‘க’வோடு ஒன்றைக் கூட்டிப் பெற்ற விளைவு. 247 எழுத்துகளின் கணக்கை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்த ஒருவருக்கு இது விளங்க ஐந்து நிமிடம் போதும். விளங்கிய மறுகணமே, எதுகை மோனையை எண்ணுவதாகச் சொல்லும் எந்த ஆய்விலும் என்ன பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்றும் அவருக்குத் தோன்றும்.

என் இரண்டாம் பிழை அவ்வாறுதான் பிடிபட்டது. ‘கொடை’ என்ற சொல்லைத் தேடினேன். சில கோப்புகளில் அது ஒரு முறைகூட வரவில்லை என்றது கணினி. அந்தக் கல்வெட்டுகளை நான் படித்திருக்கிறேன். சொல் அங்கே கண்ணெதிரே இருந்தது. இரண்டு நாள் திணறிய பின் காரணம் தெரிந்தது. ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு கோப்பில் ‘கொடை’யின் நீளம் 4, மற்றொன்றில் 5. நாம் படிப்பதோ இரண்டெழுத்து. வடிவங்களை ஒரே சீராக்கும் இயல்பாக்கம் என்ற செயற்கூறு பைத்தானிலேயே இருக்கிறது. ஒரு வரியில் தீர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது தீர்வை அன்று. தீர்வு இளைஞர் எவருக்கும் தெரியும். ‘இந்தச் சுழியம் பொய்’ என்று ஐயுற்றது எது? பாடத்தைப் பல ஆண்டுகள் படித்த பழக்கம். மூன்றாம் பிழையும் அப்படியே. சோழர் கல்வெட்டுகளில் ‘கொடுத்த’ என்பதைவிட ‘குடுத்த’ என்ற வடிவம் நமக்கு நன்கு பழக்கமானது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் படித்தவர் எவருக்கும் தெரியும். நான் கூலி கொடுத்துப் பெற்ற அட்டவணையில் அந்த வடிவமே இல்லை. ‘அட்டிக்குடுத்த’ என்று முன்சொல்லோடு ஒட்டி வரும்போது சொல்லின் தொடக்கத்தை மட்டும் தேடும் நிரலுக்கு அது அகப்படவும் அகப்படாது. நடுவயதுக் கற்போர் கையில் கொண்டுவரும் முதல் இதுதான்: எங்கே பிழை வரும் என்று முன்னரே அறிந்த ஐயம்.

மூன்றாம் வாதம், ‘பையன்கள் செய்து தருவார்கள்’ என்பது. இதற்கு நெடிய மரபு உண்டு. ரொபெர்த்தோ புசா என்ற இயேசு சபைத் துறவி 1949இல் ஐபிஎம் நிறுவனத் தலைவரைச் சந்தித்து, தாமஸ் அக்குவினாசின் நூல்கள் முழுமைக்கும் சொல்லடைவு உருவாக்க உதவி பெற்றார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் சொற்கள். அச்சில் 56 தொகுதிகள். மானுடவியல் துறைகளின் கணினி ஆய்வு அங்கே தொடங்குவதாகச் சொல்வார்கள். அந்த அட்டைகளில் துளையிட்டவர்கள் இத்தாலிய இளம்பெண்கள். அவர்களுடைய பெயர்களும் நினைவுகளும் மிக அண்மையில்தான் ஆய்வாளர்களால் திரட்டப்பட்டன. ‘பையன்கள் இருக்கிறார்களே’ என்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செய்பவர் பெயர் மறைவது மட்டும் இதிலுள்ள தீங்கு அன்று. செய்தது என்ன என்பதும் மறைகிறது.

கூட்டுழைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் துறையிலேயே தலைசிறந்த சான்றுகள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினித் துணையோடு சிந்துவெளி எழுத்துகளுக்கு அடைவு உருவாக்கினார். அந்நூல் 1977இல் வெளிவந்தது. 417 குறிகள் கொண்ட அவருடைய பட்டியலில், எது தனிக்குறி, எது ஒரு குறியின் திரிபு என்ற முடிவு ஒவ்வொன்றும் ஆய்வாளரின் முடிவு. அதற்கு அடுத்த ஆண்டு, நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவு வெளியிட்டார்கள். கல்வெட்டறிஞரும் கணினி அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை. கணினி என்பது அரிய பொருளாக இருந்த காலத்தில் நம் முன்னோடிகள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் கணினி இருக்கும் இக்காலத்தில் நாம் வாசலுக்கு வெளியே பணம் கட்டி ரசீது வாங்குகிறோம். இதற்குப் பெயர் கூட்டுழைப்பா?

மேசையில் உடன் அமர வேண்டுமானால், எதிரில் இருப்பவர் பேசும் மொழி ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கப் போவதில்லை. மாறி, மடக்கு, நிபந்தனை, செயற்கூறு, கோப்பைத் திறந்து படித்தல் என்ற அளவில் கற்றேன். அந்த அளவே, ‘எதைத் தேடினீர்கள், எதை விலக்கினீர்கள்?’ என்று கேட்கும் தகுதியைத் தருகிறது.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தேவையை ஒழித்துவிட்டது என்போர்க்கு: நானும் அதைப் பயன்படுத்துகிறேன். கொடைச் சொற்களை எண்ணும் நிரலைக் கேட்டேன். அழகான, பிழைச்செய்தி எதுவும் இன்றி ஓடும் நிரல் நொடிகளில் வந்தது. கொடும்பாளூரை அதுவும் கொடையாகவே எண்ணியது. நிரலைப் படிக்கத் தெரிந்ததால் எந்த வரியில் அது நேர்ந்தது என்று காட்டித் திருத்தச் சொன்னேன், திருத்தித் தந்தது. படிக்கத் தெரியாதிருந்தால், முன்பு நான்கு நாட்களில் வந்த அதே பிழை இப்போது நான்கு நொடிகளில் வந்திருக்கும். எழுதித்தர எந்திரம் வந்துவிட்டபின் படித்தறியும் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பெரும் அறிஞர்களுக்கும் இது நேரும். கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதிய கட்டுரை, நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி கடுமையாகச் சரிகிறது என்றது. சிக்கனக் கொள்கைகளுக்கு அரசியலாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அந்த எண்களை மீண்டும் பெற முயன்று முடியாமல், ஆசிரியர்களிடம் கோப்பைக் கேட்டு வாங்கினார். எக்செல் அட்டவணையில் சராசரி காணும் கட்டளை ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. தரவைத் தேர்ந்த முறையிலும் எடையிட்ட முறையிலும் உள்ள குறைகளையும் சேர்த்து அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013இல் வெளியிட்டார்கள். கேட்டவுடன் கோப்பைக் கொடுத்தது மூலக்கட்டுரையாசிரியர்களுக்குப் பெருமை. நம் ஆய்வேடுகளின் அட்டவணைகளுக்கு அத்தகைய கோப்பை நாளை ஒரு மாணவர் கேட்டால், கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆக, மூன்று வாதங்களும் நிற்கவில்லை. பின் ஏன் அவை இவ்வளவு பரிவோடு, இவ்வளவு ஒருமித்துச் சொல்லப்படுகின்றன? என் விடை இது: பல்கலைக்கழகம் தெரியாமையை இளையோருக்கு மட்டும் அனுமதிக்கிறது. மாணவர் கேட்கலாம், தடுமாறலாம், தவறாகச் சொல்லலாம். ஆசிரியரான நாளிலிருந்து அந்த உரிமை பறிபோகிறது. நிரலாக்கமோ தவறு செய்வதன் வழியாக மட்டுமே கற்கக்கூடியது. ஒவ்வொரு முறையும் பிழைச்செய்தி சிவப்பில் வந்து நிற்கும், அருகிலிருப்போர் பார்ப்பார்கள். நாற்பத்தைந்து வயதுப் பேராசிரியரைத் தடுப்பது மூளையின் வேகம் என்று நான் நம்பவில்லை. அவரைத் தடுப்பது அந்தச் சிவப்பு வரி.

எனக்குக் கற்பித்தவர் பொறியியல் முதுகலை படிக்கும் இருபத்து மூன்று வயதுத் தமிழ்ப்பெண். முதல் வாரம் அவர் என்னை ‘மேடம்’ என்றார். இருவருக்கும் எதுவும் நகரவில்லை. நான் கேள்வி கேட்கத் தயங்கினேன். அவர் என் தவற்றைச் சொல்லத் தயங்கினார். ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கிய பிறகுதான் பாடம் ஓடியது. “அக்கா, பிழைச்செய்தியை மேலேயிருந்து படிக்காதீங்க. கடைசி வரியிலதான் காரணம் இருக்கும்” என்றார் ஒருநாள். இருபதாண்டு விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் நான் ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து படித்துத் திணறிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு சொல்லை நான் எந்தப் புத்தாக்கப் பயிற்சியில் கேட்டிருக்க முடியும்? நான் கலந்துகொண்ட ‘தகவல் தொழில்நுட்ப’ப் பயிற்சியில் படவில்லைகளுக்கு வண்ணம் தீட்டக் கற்பித்தார்கள்.

கொள்கையைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கச் செயல்பாடுகள் தொடங்க வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு வேண்டியது, அக்குழந்தையின் ஆசிரியருக்கு வேண்டாமா? இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. தளர்வுகள் உண்டு, ஆனால் நாற்பதைக் கடந்தவர்க்கு அவை பயன்படா. சுவயம், என்பிடெல் பாடங்கள் வயது கேட்காமல் எல்லோர்க்கும் திறந்திருக்கின்றன. நானும் அங்கேதான் தொடங்கினேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் தொடக்கப் பாடங்களின் எடுத்துக்காட்டுகள் பகா எண், ஃபிபோனாச்சித் தொடர், வங்கி இருப்பு, ஊழியர் சம்பளம். கல்வெட்டோ, வாக்குமூலமோ, நாட்டுப்புறக் கதையோ கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் அங்கே விருந்தாளியாகவும் உணர்வதில்லை. பாதியில் விட்டுவிடுகிறார். விட்டதற்குக் காரணமாக அவர் வயதையே நாம் சொல்கிறோம்.

வயது முதிர்ந்தோர் சாதனைக் கதைகளும் இதற்கு உதவுவதில்லை. ஜப்பானின் மசாகோ வாகாமியா 81 வயதில், 2017இல், கைப்பேசி விளையாட்டுச் செயலி ஒன்றை வெளியிட்டார். போற்றத்தக்க செயல். ஆனால் ‘பார், பாட்டியே செய்தார்’ என்று அதைப் பகிரும்போது, அது அரிதான அற்புதம் என்றே உறுதிப்படுத்துகிறோம். நமக்கு அற்புதம் வேண்டாம், வழக்கம் வேண்டும். தமிழ்க் கணிமையின் வரலாறே அத்தகைய வழக்கத்துக்குச் சான்று. சிங்கப்பூரில் சிறுகதை எழுதியவரும் தமிழ் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் முன்நின்றபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி வழிநடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர். கணினி அவர்களுடைய பட்டத்தில் இருந்த பாடம் அன்று, அவர்களுடைய தேவை.

கோரிக்கைகள் நான்கு. ஒன்று: பணியிடைப் பயிற்சிகளில் இரண்டு வார அவசரக் கூட்டங்களுக்கு மாற்றாக, ஒரு பருவம் முழுதும் வாரம் ஒரு பிற்பகல், கற்பித்தல் சுமையில் கழிவோடு, நிரலாக்க வகுப்பு வேண்டும். இரண்டு: அவ்வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வுத் தரவோடு அமர வேண்டும், தமிழ்த் தரவுக்குத் தமிழிலேயே பாடம் வேண்டும். மூன்று: எண்ணிக்கை அல்லது புள்ளிவிவரம் இடம்பெறும் எந்த ஆய்வேட்டோடும் அதை உருவாக்கிய நிரலும் தரவும் இணைக்கப்பட வேண்டும், வாய்மொழித் தேர்வில் அதுபற்றிக் கேட்கப்பட வேண்டும். இந்த விதி வந்த மறுநாளே வாசலிலுள்ள கூலிக்கடைகளின் நிலை தெரிந்துவிடும். நான்கு: இளையோர் முதியோர்க்குக் கற்பிக்கும் நேரம் மாணவரின் பணியாகக் கணக்கிடப்பட்டு, மதிப்பெண்ணோ ஊதியமோ தரப்பட வேண்டும். என் தங்கை போன்றவர்களின் உழைப்பு இனியும் பாசக் கணக்கில் எழுதப்படலாகாது.

நான்காவதற்கு எதிர்ப்பு வரும் என்று அறிவேன். ஆசிரியர் மாணவரிடம் கற்பது மரபுக்கு இழுக்கு என்பார்கள். மரபு பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

திருத்திய அட்டவணையை, நிரலோடு சேர்த்து, அன்று என்னைக் கேள்வி கேட்ட கல்வெட்டறிஞருக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். “குடுத்த சேர்த்துவிட்டீர்கள், நல்லது. குடுக்கக் கடவோம் எங்கே அம்மா?” என்றார். ‘குடு’ என்று மட்டும் தேடினால் உத்திரமேரூர்க் கல்வெட்டின் ‘குடும்பு’ எல்லாம் கொடையாகிவிடும் என்று அஞ்சி, ‘குடுத்த’ என்று குறுக்கியிருந்தேன், ‘குடுக்க’ விடுபட்டது. அதைச் சொன்னேன். “அப்படியா? அந்தக் குறுக்கம் எந்த வரியில் இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்” என்றார். பதினோராம் வரி என்றேன். கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, உரக்க ஒருமுறை படித்தார். பிறகு ‘குடும்பு’ விலக, ‘குடுக்க’ சேர, அந்த வரி எவ்வாறு மாற வேண்டும் என்று இருவரும் அரைமணி நேரம் பேசினோம். அவருக்கு வயது எழுபத்து நான்கு.

நிரல் இப்போது முப்பத்தொரு வரியாகியிருக்கிறது. கேட்பவர்க்கெல்லாம் அனுப்புகிறேன். பிழை கண்டால் வரி எண்ணோடு எழுதுங்கள்.